வேண்டாம் என்று சொல்லும்வரை

விட்ட சொட்டு, தடவுவதற்குள் காணாமல் போயிருந்தது. மூத்தவள் சீரம் புட்டியின் சொட்டுக்குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். காலி. அப்படியென்றால் விட்டது விட்டதுதான். ஆனால் தங்கையின் இடது கன்னத்தில், வெந்து ஆறிய அந்த இடத்தில், பொட்டு ஈரம்கூட இல்லை. விரலை வைத்தால் வழுக்க வேண்டும். காகிதத்தைத் தொட்டது போலச் சரசரத்தது. வெளியே மாலை வெயில் எதிர்வீட்டு மொட்டைமாடியில் இன்னும் காய்ந்துகொண்டிருந்தது, படிக்கட்டில் யாரோ சைக்கிளை முனகிக்கொண்டே தூக்கிப் போனார்கள், அறை முழுக்கப் பன்னீரும் களிம்பும் கலந்த பழகிய வாசனை. பயப்பட அங்கே ஒன்றுமில்லை. உண்மையைச் சொன்னால் அவளுக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது.

உறிஞ்சும் தோல் நல்ல தோல். பார்லரில் புதிதாகச் சேரும் பெண்களுக்கு அவள் முதல் நாளே சொல்லிவிடுவாள்: தண்ணியாக இருப்பது முதலில், கெட்டியானது கடைசியில். ஒன்று காய்ந்த பிறகே அடுத்தது. அவசரப்பட்டால் ரப்பர் அழித்த தூள் மாதிரி எல்லாம் உருண்டு திரண்டு கையோடு வந்துவிடும். பிரஷ், கரண்டி எதுவும் அவள் தொடுவதில்லை, வெறும் விரல்தான். கடைசிக் களிம்பையும் பூசிவிட்டு இரண்டு உள்ளங்கையையும் சூடு வரத் தேய்த்து, முகத்தைப் பொத்தி, ஒரு மூச்சு நேரம் அழுத்திப் பிடிப்பாள். அதற்காகவே அவளைத் தேடி வருகிறவர்கள் உண்டு. எவ்வளவு போடணும் என்று கேட்டால், தோலே வேண்டாம்னு சொல்லும், அதுவரைக்கும் போடு என்பாள்.

இளையவளைக் கட்டியவன் கை பட்டால் குற்றம், கால் பட்டால் குற்றம் என்று வாழ்கிறவன். முதலில் அறை, பிறகு பெல்ட், கடைசியில் அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த எண்ணெய்ச் சட்டி. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அக்கா வீட்டுக்கு வந்தவள் அதற்குப் பிறகு வாசற்படி தாண்டவில்லை. குளியலறைக் கண்ணாடியில் துண்டைப் போட்டு மூடிவிட்டாள். தோல் டாக்டர் ஒரே ஒரு மருந்து எழுதிக் கொடுத்து, மேலே எதையும் பூசி மூடிடாதீங்க, அது பாட்டுக்கு ஆறட்டும் என்று சொன்னார். மூத்தவள் தலையை ஆட்டிவிட்டு வந்தாள். அந்த டாக்டர் வாழ்நாளில் தொட்ட முகங்களை அவள் ஒரு கல்யாண மாதத்தில் தொட்டுவிடுவாள். வறண்ட தோலைச் சும்மா விட்டு வைப்பது அவள் தொழிலில் பாவம். தங்கை துப்பட்டாவால் மூடாமல் இந்த முகத்தோடு தெருவில் நடக்க வேண்டும். அதைத் தவிர அவளுக்கு வேறு வேண்டுதல் இல்லை. கழுவி, பன்னீர் ஒற்றி, சீரம் விட்டு, தைலம் தடவி, க்ரீம் பூசி, எல்லாவற்றையும் மெழுகுக் களிம்பால் மூடினாள். காலையும் மாலையும்.

பலன் கண்ணெதிரே தெரிந்தது. சுருக்கம் பிரிந்தது, கறுத்த ஓரம் வெளுத்தது. உன் பார்லரையே என் கன்னத்துக்கு எழுதி வச்சிடு என்று இளையவள் பல நாளுக்குப் பிறகு சிரித்தாள். ஜாடிகள் சீக்கிரம் காலியாயின. வலது கன்னமும் உறிஞ்சத் தொடங்கியது, பிறகு நெற்றி. எண்ணெய் படாத இடங்கள் அவை. மூத்தவள் அதைக் கவனித்தாள், ஆனால் கவனித்ததை நினைக்கவில்லை. பூசிய கை ஓய்ந்து, மின்விசிறியை நிறுத்தி, இருவரும் பேசாமல் உட்கார்ந்திருக்கும்போது ஒரு சின்னச் சத்தம் கேட்கும். பால் குடிக்கும் குழந்தையின் நாக்குச் சத்தம். தங்கையின் வாய் மூடித்தான் இருக்கும்.

ஒரு காலை பார்லரில் வருகைப்பதிவு மெஷின் அவள் விரலை ஏற்கவில்லை. அடுத்த விரலையும் ஏற்கவில்லை. பாத்திரம் தேய்ச்சே ரேகை போயிடுச்சு போல என்று கூட வேலை பார்ப்பவள் கிண்டலடிக்க, இவளும் சிரித்து வைத்தாள். பிறகு தனியாக விரல்களை விரித்துப் பார்த்தாள். ரேகையே இல்லை. நுனிகள் வெங்காயத்தின் உள்தோல் மாதிரி வழவழவென்று மின்னின, அடியில் சிவப்பு தெரிந்தது. புருவம் திருத்தும் நூலை இழுத்ததும் நூல் விரலுக்குள் இறங்கியது. வலிக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்திருந்த பெண்ணின் நெற்றியில் ரத்தம் சொட்டிய பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

அன்று மாலை கையுறை போட்டுக்கொண்டாள். அதே வரிசை, அதே அளவு. முகம் எதையும் எடுக்கவில்லை. எல்லாம் மேலேயே நின்று, திரண்டு, சாம்பல் நிற உருண்டைகளாகத் தங்கையின் மடியில் உதிர்ந்தது. காய்ந்த களிமண் வெடிப்பது போல ஒரு மெல்லிய சடசடப்பு. காதோரத்தில் தொடங்கிய கோடு வாய் வரைக்கும் ஓடியது. கோடு திறந்தது. ரத்தம் தாடையில் வழிந்து கழுத்துக்குப் போனது. இளையவள் கத்தவில்லை, அழுதாள்.

"கையுறை வேணாங்கா. வெறும் கையால தொடு. எரியுது."

எங்கேயாவது ஓடிப்போய்விடலாம் என்று மூத்தவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. எண்ணெய் ஊற்றியவன் ஓடலாம், அக்கா ஓடலாமா? கையுறையைக் கழற்றினாள். உள்ளங்கைகளைத் தேய்த்து முகத்தைப் பொத்தினாள். கோடு மூடிக்கொண்டது. கையை எடுக்கும்போது ஈரமான காகிதம் கிழியும் ஓசை கேட்டது. அவள் குனிந்து பார்க்கவில்லை.

மறுநாள் இருட்டும் நேரத்துக்கு இளையவளின் புருஷன் வந்தான். அடித்த பிறகு எப்போதும் கொண்டுவரும் ஒரு பை பழம், எப்போதும் போல ஒரு அசட்டுச் சிரிப்பு. கைகளில் துணி சுற்றியிருந்ததால் மூத்தவளுக்குத் தாழ்ப்பாளைச் சரியாகப் போட முடியவில்லை. அவன் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டான். தங்கச்சி வர மாட்டா, கிளம்புங்க என்று அவள் சொன்னதை அவன் காதில் வாங்கவே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனைவியைச் சுற்றிவந்து விளக்கடியில் அவள் முகத்தைப் பார்த்தான்.

"ஒண்ணுமே ஆகலையே. இதுக்குப் போயா ஊரைக் கூட்டின? எந்திரி, வீட்டுக்குப் போலாம்."

இளையவள் எழுந்திருக்கவில்லை. அவன் கையை ஓங்கினான். மூத்தவள் குறுக்கே பாய்வதற்குள் அறை விழுந்துவிட்டது.

பளார் என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை. சேற்றில் கல் விழுந்த சத்தம்தான் வந்தது. போன கை திரும்பவில்லை.

அவன் இழுத்தான். கன்னமும் கொஞ்சம் கையோடு வந்தது, மாவு மாதிரி நீண்டது, மறுபடி உள்ளே போனது. விரல்கள் தெரியவில்லை. பிறகு மணிக்கட்டும் தெரியவில்லை. என்னடி இது என்று அவன் கேட்டபோது குரலில் கோபம்தான் இருந்தது, பயம் இன்னும் வரவில்லை. இன்னொரு கையால் அவள் நெற்றியைத் தள்ளினான். அதுவும் ஒட்டியது. அப்போது வந்தது பயம். மேஜையை உதைத்தான். ஜாடிகள் சிதறின. பழங்கள் உருண்டன. எலும்பு ஒவ்வொன்றாக முறிந்தது, விறகு ஒடிப்பது போல. முழங்கை. தோள். அவன் கண்கள் மூத்தவளைத் தேடின.

"இழுங்க... பிடிச்சு இழுங்க..."

இழுத்திருக்கலாம். இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்திருக்கலாம். அவள் இழுக்கவில்லை. செத்துத் தொலையட்டும் என்று நினைத்தாள், வாய்விட்டுச் சொல்லவும் செய்தாள். அவன் வாய் அந்தக் கன்னத்தில் புதைந்தது. அலறல் தலையணைக்குள் போனது போல அமுங்கியது. கால்கள் மட்டும் தரையை உதைத்தன. உதைத்தன. நின்றன.

உறிஞ்சும் சத்தம் நெடுநேரம் கேட்டது. அது முடிந்ததும் வேண்டாதவை திரண்டு உதிர்ந்தன. சட்டைத் துணி. பொத்தான். முடிக்கற்றை. நகங்கள். பற்கள். கடைசியாக மோதிரம், தரையில் வட்டமடித்துப் படுத்தது.

இளையவள் எழுந்தாள். நேராகக் குளியலறைக்குப் போய்த் துண்டை உருவிப் போட்டாள். அப்படி ஒரு முகத்தை மூத்தவள் எந்த மணப்பெண்ணிடமும் பார்த்ததில்லை. தழும்பு இல்லை, துளை இல்லை, ரோமம்கூட இல்லை. தங்கை தன்னைத் தானே திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தாள், கண் கலங்கினாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் இத்தனையும் என்று மூத்தவள் நினைத்துக்கொண்டாள்.

"அக்கா, நான் கொஞ்சம் வெளிய போயிட்டு வரட்டுமா?"

கேட்டுக்கொண்டே அவள் தாழ்ப்பாளில் கை வைத்திருந்தாள். படிக்கட்டில் மாடிவீட்டுக்காரி குழந்தையோடு பேசிக்கொண்டே இறங்கிவந்தாள். யார் கன்னத்தைப் பார்த்தாலும் இரண்டு கையாலும் தட்டி முத்தம் கொடுக்கிற குழந்தை அது. அதன் சிரிப்பு கதவுக்கு அந்தப் பக்கம் நெருங்கியது. இளையவளின் முகமும் அந்தப் பக்கம் திரும்பியது. அவள் கண்கள் அக்காவைத்தான் பார்த்தன, முகம் மட்டும் திரும்பியது. நெற்றியில் மெல்லிய கோடு ஒன்று விரியத் தொடங்கியிருந்தது.

அதற்குள்ளாகவா. ஒரு முழு ஆள். அதற்குள்ளாகவா.

மூத்தவள் கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள். அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் நெருங்கி, கடந்து, கீழே இறங்கிப் போகும்வரை நின்றாள்.

"வறண்டுடுச்சுக்கா," என்றாள் இளையவள். சின்ன வயதில் பசிக்குது என்று சொல்லும் அதே குரல்.

"நான் இருக்கேன்ல. வா."

துணிகளைப் பிரித்தாள். தேய்த்துச் சூடாக்க உள்ளங்கையில் தோல் இல்லை. இருந்ததைக் கொண்டு பொத்தினாள். விரல்கள் போயின. முறிந்தன, போயின. வலி முழங்கை வந்த பிறகுதான் தெரிந்தது. தெரிந்தபோது கத்த முடியாமல் நாக்கைக் கடித்தாள், வாயெல்லாம் ரத்தம். கோடு மூடவில்லை. இன்னும் ஒன்று திறந்தது. இன்னும் ஒன்று.

கொடுக்கக் கை இல்லை. குனிந்து, தன் கன்னத்தைத் தங்கையின் கன்னத்தோடு வைத்தாள்.

இதமாக இருந்தது. வெதுவெதுப்பாக. பிறகு காது போனது. ஒரு பக்கக் கண் போனது. மிச்சமிருந்த கண்ணுக்குத் திறந்த குளியலறைக் கதவு வழியே கண்ணாடி தெரிந்தது. அதில் இரண்டு உடம்பு, ஒரு தலை. தங்கையின் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. அவள் கை எழுந்து அக்காவின் பின்தலையை ஆதரவாகத் தடவிக்கொடுத்தது, முடியை ஒதுக்கியது, பிறகு இன்னும் கொஞ்சம் அழுத்தியது.