பிக்கப்பில் மூச்சு

பழைய கிடாரைத் தூக்கிக்கொண்டு வந்து, "இதை யாருமே திறந்ததில்லை" என்று சத்தியம் செய்கிற ஆட்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருபத்திரண்டு வருடமாகக் கிடாரும் ஆம்ப்ளிஃபயரும் பழுது பார்க்கிறேன். யாரும் திறக்காத கிடாரை இன்னும் பார்த்தபாடில்லை. அன்று காலை பதினோரு மணிக்கு என் பட்டறைப் படியேறி வந்தவரும் அதே சத்தியத்தைத்தான் செய்தார். வெளியாளாக இருந்தால் வாசலோடு அனுப்பியிருப்பேன். வந்தது என் தங்கையின் கணவர்.

"மச்சான், இதைப் பாருங்க. ஒரு ஸ்க்ரூகூட மாத்தல. அப்படியே ஒரிஜினல்!"

மாப்பிள்ளைக்குக் கிடார் வாசிப்பதைவிடக் கிடாரைப் பற்றிப் பேசுவதில்தான் பிரியம். கிடார் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடல் மட்டும் வீட்டில் பதினொன்று வைத்திருக்கிறார். பதினொன்றும் ஒரே மாதிரிதான் உறுமும். சொன்னால் என் காதைக் குறை சொல்வார். ஆனாலும் மனுஷன் தங்கம். என் தங்கை வாய்விட்டுச் சிரிக்க ஆரம்பித்ததே அவரைக் கட்டிக்கொண்ட பிறகுதான். அவருக்கு ஒன்று என்றால் அவள் தாங்கமாட்டாள்.

பெட்டியைத் திறந்தார். ஈரத்துணி மக்கிய வாடை குப்பென்று அடித்தது. கருஞ்சிவப்புக் கிடார், வார்னிஷ் முழுக்க மயிரிழை வெடிப்பு.

"எங்க புடிச்சீங்க மாப்ள?"

"ஒரு வீட்டைக் காலி பண்ணிட்டு இருந்தாங்க. அந்த வீட்டம்மா, கண்ணுல படாம எடுத்துட்டுப் போனாப் போதும்னுட்டாங்க. சும்மா இருக்கும்போதே இரையுது, அது ஒண்ணுதான் குறை. சாயங்காலம் எங்க கிடார் குரூப் ஆளுங்க கேக்க வர்றாங்க. என் மானத்தைக் காப்பாத்துங்க."

ஆம்ப்பில் சொருகினேன். பழைய கிடாருக்குரிய இரைச்சல் இருந்தது. அதற்கு அடியில் வேறொன்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு நாய்ஸ் கேட் பெடலைச் சேர்த்தேன். ஒலி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் அது கதவைச் சாத்திவிடும். சாத்தியிருந்தால் சிவப்பு விளக்கு, ஒலி புகுந்தால் பச்சை. கம்பிகளை உள்ளங்கையால் அழுத்தி அமுக்கினேன்.

சிவப்பு.

பச்சை.

சிவப்பு.

பச்சை.

என் உள்ளங்கை கம்பிகளை அமுக்கியபடியே இருந்தது, வேறு எதையும் யாரும் தொடவில்லை. உறங்குகிறவர் மார்பு ஏறி இறங்குகிற அதே கணக்கில் விளக்கு மாறிக்கொண்டிருந்தது.

"பிக்கப்ல மெழுகு காஞ்சுபோயிருக்கும்," என்றேன். கம்பிகளுக்கு அடியில் இருக்கும் சின்னப் பெட்டிதான் பிக்கப். உள்ளே தலைமயிரைவிட மெல்லிய கம்பியைச் சுற்றி, அசையாமல் இருக்க மெழுகு ஏற்றியிருப்பார்கள். மெழுகு போய்விட்டால் பக்கத்தில் பேசுவதையெல்லாம் மைக் மாதிரி பிடித்துக்கொள்ளும். சோதிக்க வேண்டுமென்றால் அதன்மேல் வாயை வைத்துப் பேசிப் பார்ப்போம்.

மாப்பிள்ளை ஆர்வக்கோளாறு. உடனே குனிந்து, "ஹலோ!" என்றார்.

ஸ்பீக்கர் அவர் குரலிலேயே ஹலோ என்றது. பிறகு,

"யாரு?"

அது அவர் குரல் இல்லை. வறண்டு போன ஒரு கிழட்டுத் தொண்டை.

மாப்பிள்ளை சிரித்தார். "மச்சான், ரேடியோ புடிக்குது!" பழைய கிடார்கள் ரேடியோவைப் பிடிப்பது உண்டு என்பதால் நானும் பாதி நம்பினேன். அவர் மறுபடி குனிந்தார்.

"நான்தான்யா. வெளிய வாயேன், பாப்போம்!"

அதற்குப் பிறகு விளக்கு பச்சையிலேயே நின்றது.

அப்போதே பெட்டியை மூடியிருக்க வேண்டும். என் பாழாய்ப்போன பிடிவாதம் விடவில்லை. எனக்கு அடங்காத இரைச்சலா என்று ஆம்ப்பை அணைத்தேன், பிக்கப்பைக் கழற்றினேன், மூடியை எடுத்தேன். மெழுகு காய்ந்து போயிருக்கவில்லை. யாரோ அதை உருக்கி, சொட்டு விடாமல் வடித்து எடுத்திருந்தார்கள்.

"பாத்தீங்களா? யாருமே திறக்காத கிடாராம்!" என்று மாப்பிள்ளையைக் குத்திக் காட்டினேன். எதற்காக வடித்தார்கள் என்று யோசிக்க வேண்டியவன் நான். யோசிக்கவில்லை.

அடுப்பில் வெந்நீர்ப் பாத்திரம், அதற்குள் இன்னொரு பாத்திரத்தில் உருகிய மெழுகு. பிக்கப்பை மெல்ல உள்ளே இறக்கினேன். உள்ளிருக்கும் காற்று வெளியேறும்போது குமிழி வருவது வழக்கம். கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். இந்தக் குமிழிகள் கொத்தாக வந்தன. நின்றன. மறுபடி கொத்தாக வந்தன.

"மச்சான்..."

திரும்பினேன். மாப்பிள்ளை கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"விளையாடாதீங்க மாப்ள."

ஸ்டூலிலிருந்து சரிந்து விழுந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. வாய் திறந்திருந்தும் காற்று உள்ளே போகவில்லை. மார்பை அழுத்தினேன், முதுகில் தட்டினேன், கத்தினேன். பின்னால் பாத்திரத்தில் குமிழிகள் தறிகெட்டுக் கொதித்தன.

மெழுகுக்குள் மூச்சு முட்டுவது அவருக்குத்தான் என்று அப்போதுதான் உறைத்தது. இடுக்கியைத் தேட நேரமில்லை. கையை விட்டே பிக்கப்பை எடுத்தேன். விரல் வெந்தது. சூடான காற்று ஊதும் துப்பாக்கியைப் பிடித்து மெழுகு முழுவதையும் வடித்தேன். கடைசிச் சொட்டு விழுந்ததும் மாப்பிள்ளையின் மார்பு எகிறியது. நீளமாக ஒரு மூச்சு இழுத்தார்.

தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதேன். "என் உயிரே போயிடுச்சு மாப்ள! தங்கச்சிக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அவர் எழுந்து உட்கார்ந்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, நீட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ரொம்ப நன்றி தம்பி."

அந்தக் கிழட்டுக் குரல்.

அப்படியானால் மாப்பிள்ளை எங்கே? பிக்கப்பின் இரண்டு ஒயர்களையும் கிளிப் போட்டு ஆம்ப்பில் இணைத்து, ஆம்ப்பைப் போட்டேன். பழைய வால்வு ஆம்ப், சூடாகி ஒலி வர அரை நிமிடம் ஆகும். மாப்பிள்ளையின் உடம்புக்குள் இருந்த அது என்னைத் தடுக்கவில்லை, வேடிக்கை பார்த்தது.

"மச்சான்! மச்சான், எங்க இருக்கீங்க? ஒரே இருட்டா இருக்கு. எனக்குக் கை எங்கன்னு தெரியல மச்சான்..."

ஸ்பீக்கரில் மாப்பிள்ளை கதறிக்கொண்டிருந்தார். அதற்குள் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்துவிட்ட அது முகம் சுளித்தது.

"திரும்ப மெழுகுல போட்டுடுங்க தம்பி. காது வலிக்குது."

படியில் செருப்புச் சத்தம். என் தங்கை. அது நிதானமாகக் கையை நீட்டி ஆம்ப்பின் வால்யூம் குமிழைச் சுழியத்துக்குத் திருகி, அதைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டது.

"சாப்பாட்டு நேரத்துல ரெண்டு பேரும் என்ன பண்றீங்க? என்னண்ணா, ஏன் அழுவுற?"

"இவன்கூடப் போகாதம்மா. இது மாப்ள இல்ல."

"மறுபடி கிடார் சண்டையா? உங்க ரெண்டு பேருக்கும் வேற வேலையே இல்லையா?"

அது தலையை மட்டும் ஆட்டி அவள் தோளில் கை போட்டது. நான் பாய்ந்து சட்டையைப் பிடித்தேன். ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. அந்த உடம்பை அடித்தால் அடி மாப்பிள்ளைக்குத்தானே விழும்? தங்கை என் கையைத் தட்டிவிட்டாள். இருவரும் இறங்கிப் போனார்கள். கீழே அவள் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது.

இடுக்கியால் வால்யூம் தண்டைப் பிடித்துத் திருகினேன். பிக்கப்பின்மேல் வாயை வைத்தேன்.

"மாப்ள, பயப்படாதீங்க. அவனை இழுத்துட்டு வந்து எப்படியாவது உங்களை வெளிய எடுத்துடுறேன். நீங்க எப்பவும்போல வீட்டுக்குப் போயிடலாம்."

பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று பயந்து பேசுகிறவர் போல, மெல்ல வந்தது பதில்.

"மெதுவா பேசுங்க மச்சான். இங்க நான் மட்டும் இல்ல."

"யாரு? யார் இருக்காங்க?"

"எனக்கு முன்னாடி நாலு பேர் வரிசைல நிக்கிறாங்க. அவங்க போன பிறகுதான் நானாம்."

பிக்கப்பின்மேலிருந்து தலையை எடுக்கப் பார்த்தேன்.

"முதல் ஆளு உங்க பேரைக் கேக்குறாரு. சொல்லிடாதீங்க மச்சான்."

நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு கைகளாலும் இறுக்கிப் பொத்திக்கொண்டேன்.

ஸ்பீக்கரில் என் குரல் என் பெயரைச் சொன்னது.