மாற்றிச் சாப்பிட்ட தட்டு

எங்கள் வார்டின் பொதுச் சமையற்கூடத்தில் மூன்று வேளையும் இரண்டு வரிசை நிற்கும். நீள வரிசைக்கு ரொட்டி, சேமியா, கோதுமை ரவைச் சோறு. குட்டை வரிசைக்கு அரிசிச் சோறு. குட்டை வரிசையில் நாங்கள் பதினொரு பேர். நெல் அட்டையைச் சாளரக் கண்ணாடியில் காட்டினால் மூடிய தட்டு ஒன்று வெளியே வரும். அதை ஏந்திக்கொண்டு நடக்கும்போது நீள வரிசைக்காரர்கள் மூக்கை உறிஞ்சுவது காதில் விழும். சோற்று வாசனைக்கு இப்போது அவ்வளவு மரியாதை.

டெல்டாவைக் கடல் எடுத்துக்கொண்டு இருபத்தேழு வருடம் ஆகிறது. நெல் இன்று அடுக்கு வயல்களில், கண்ணாடிக்குள், விளக்கு வெளிச்சத்தில் மட்டுமே விளைகிறது. கம்பும் சோளமும் விளைந்த மேட்டு நிலமெல்லாம் எங்களைப் போல இடம்பெயர்ந்தவர்களின் குடியிருப்பாகிவிட்டது. ஆகவே எல்லோருக்கும் வடக்கிலிருந்து வரும் கோதுமை. சீலியாக் நோய் உறுதியானவர்களுக்கு மட்டும் அரிசி. கோதுமையில் இருக்கும் பசைப்புரதம் எங்களுக்கு ஆகாது. அதைத் தின்றால் உடம்பு தன் குடலைத் தானே அரிக்கத் தொடங்கும். எனக்கு அது இருபது வயதில் உறுதியானது. ஊரே பொறாமைப்படும் நோயாளிகள் உலகத்தில் நாங்கள் மட்டும்தான்.

என் மகள் மகிழினிக்கு ஒன்பது வயது. போன வருடம் அவளுக்கு வயிறு ஊதத் தொடங்கியது. கை கால் இளைத்து, ஏழு வயதில் போட்ட சட்டையே மறுபடி பொருந்தியது. பரிசோதனைக்குப் பெயர் கொடுத்தேன். முறை வர ஏழு மாதம் ஆகும் என்றார்கள். மனைவி கடல்சுவர் வேலைக்குப் போனவள், மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவாள். குழந்தை சாப்பிட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பதை நான் ஒருவன்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர் கொடுத்த எட்டாவது நாள் ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து தட்டை மாற்றினேன். என் சோறு அவளுக்கு, அவள் ரொட்டி எனக்கு. அன்றிலிருந்து மூன்று வேளையும் அப்படித்தான். வளர்ந்த உடம்பு, தாங்கிக்கொள்ளும் என்று நினைத்தேன். தாங்கவில்லை என்பது வேறு விஷயம். இரண்டு மாதத்தில் அவள் கன்னத்தில் சதை வைத்தது, மாடிப்படியில் ஓடினாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

நேற்று இருவருக்கும் ஒன்றாகப் பரிசோதனை. அவளுக்கு முதல் தடவை. எனக்கு அட்டையைப் புதுப்பிக்கும் வருடாந்திரச் சோதனை. குருதிமானி விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து, கால் மணி நேரத்தில் முடிவைச் சொல்லிவிடும். அதை மனித பாஷையில் சொல்வதற்கு முடிவு விளக்குநர் என்று ஒருவர் இருக்கிறார். எங்கள் வார்டில் அவர் ரஹீமா பேகம். மகிழினியை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னை மட்டும் உள்ளே அழைத்தார்.

"பாப்பாவுக்கு நெகட்டிவ் அண்ணே. சீலியாக்குக்கு உள்ள எதிர்ப்பொருள் ரத்தத்துல இல்ல."

"தப்பா இருக்கும் மேடம். அவ பட்ட பாட்டை நான் கண்ணால பார்த்தவன்."

"மொத்த எதிர்ப்பொருள் அளவு சரியா இருக்கு. அது குறைஞ்சிருந்தா, இந்த முடிவை நம்பாதீங்கன்னு நானே சொல்லியிருப்பேன். மரபணுவுல வாய்ப்பு இருக்கு, உங்ககிட்டேருந்து வந்தது. ஆனா வாய்ப்பு உள்ளவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு மேல நோயே வராது. அதை வச்சு அட்டை குடுக்க மாட்டாங்க."

பிறகு என் முடிவைத் திரையில் காட்டினார். சிவப்பாக இருந்தது.

"உங்களுக்கு ஒன்பது மடங்கு ஏறியிருக்கு. போன வருஷம் சுத்தமா இருந்துச்சே. சோத்தை வித்துட்டீங்களா?"

அந்தக் கேள்வியில் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ரஹீமா கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"எத்தனை மாசமா?"

"ஏழு மாசம் ஆகப்போவுது."

"கோதுமை உள்ள போனாத்தான் அண்ணே அந்த எதிர்ப்பொருள் வரும். நிறுத்தினா கொஞ்சம் கொஞ்சமா இறங்கிடும். பாப்பா ரத்தம் நோய் இல்லன்னு சொல்லல. ஒண்ணுமே சொல்லல. அவ்வளவுதான்."

"அதையே எழுதிக் குடுங்களேன்."

"எழுத இடமில்ல. உண்டு, இல்ல, ரெண்டுதான். உங்க அட்டையும் நின்னுபோச்சு. அளவு ஏறினா சோத்தை வித்துட்டதாத்தான் கணக்கு, ஒரு வருஷம் அட்டை கிடையாது. குருதிமானி காரணமெல்லாம் கேக்காது."

"வேற வழி?"

"எட்டு வாரம் பாப்பா தினமும் கோதுமை சாப்பிடணும். ரெண்டு ரொட்டியாவது. அப்புறம் ரத்தம் பார்ப்போம். அதுல வந்தா, குழாய் விட்டு சிறுகுடல்ல துணுக்கு எடுத்துப் பார்ப்பாங்க. உறுதியானா அட்டை." திரையை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "வலிக்கும் அண்ணே. வாராவாரம் கூட்டிட்டு வாங்க, நான் பார்த்துக்கறேன்."

பெற்ற பாசம் என்று நினைத்துக்கொண்டு, அவள் நோவுக்கு இருந்த ஒரே சாட்சியை நானே அழித்திருக்கிறேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன். அவளிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. நடந்ததை அப்படியே சொன்னேன். அவள் ரொட்டியைப் பற்றி மட்டும் இரண்டு தடவை கேட்டாள்.

இன்று மதியம் இருவரும் நீள வரிசையில் நின்றோம். எனக்குப் பருப்பும் கீரையும் மட்டும் வாங்கிக்கொண்டேன். அவள் முதல் ரொட்டியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துச் சாப்பிட்டாள். இரண்டாவதை முழுங்கத் தண்ணீர் கேட்டாள்.

"நாலு சாப்பிட்டா நாலு வாரத்துல தெரிஞ்சிருமாப்பா?"

"இல்லம்மா. அப்படிக் கணக்கு கிடையாது."

தட்டைத் துடைத்த மாதிரி காலி செய்தாள். ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது, என் மடியில் தலை வைத்து முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டாள். நான் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். தூங்கிவிட்டாள் என்று நினைத்தபோது மெதுவாகப் பேசினாள்.

"அப்பா, எனக்கு அட்டை வந்துரும்ல. அப்ப சோத்தை நீங்க சாப்பிடுங்க. எனக்குத்தான் அதுக்குள்ள ரொட்டி பழகியிருக்குமே."

கூடவே கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். எந்த வாயால் சொல்வது?