ஓய்வு அளவு

"பேயே இல்லாத படத்துக்கு ஹாரர் முத்திரையா? கேக்கறவன் சிரிப்பான் சார்!" என்று ஜெரால்டு கத்தினான்.

"அதை எங்ககிட்ட ஏன் கத்தறே? கையில கட்டியிருக்கற பட்டைகிட்டப் போய்க் கத்து," என்று தணிகாசலம் சார் அவனுக்கு மேல் கத்தினார். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்திய குரல். ஹாலின் கண்ணாடி அதிர்ந்தது.

"என் படத்துல திருடன் மாட்டறான். போலீஸ் வருது. கடைசியில அந்தப் பொண்ணு ஜன்னலைத் திறந்து வெச்சுட்டு நிம்மதியா டீ குடிக்கறா. அதைப் பார்த்துட்டு ஒருத்தங்க ஒன்பது நாளா நடுங்கினா, அது என் தப்பா?"

அந்த ஒருத்தங்க மிதுனா. ஹாலின் கடைசி நாற்காலியில், இடது மணிக்கட்டை வலது கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூடி என்ன பயன்? பட்டையில் ஒளிர்ந்த எண் விரல் இடுக்கு வழியே எல்லோருக்கும் தெரிந்தது. அறுபத்து மூன்று.

போரூர் ஏரிக்கரை நீலாம்பரி அடுக்ககத்தில் மாதம் ஒரு படத்துக்கு இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை வரும். புதுப்படம் எதுவானாலும் முதலில் எங்களைப் போன்ற ஏதோ ஒரு குடியிருப்பில் ஒன்பது பேர் பார்க்கவேண்டும். ஒன்பது பேர் கையிலும் அச்சமானிப் பட்டை. படம் முடிந்த பிறகும் ஒன்பது நாள் அதைக் கழற்றக்கூடாது. குளிக்கும்போதும்தான்.

பேய் வந்தால் ஹாரர், போலீஸ் வந்தால் த்ரில்லர் என்று பெட்டி பிரித்ததெல்லாம் எங்கள் அப்பா காலத்தோடு போயிற்று. சுவர்த்திரை வந்து, பார்க்கிறவனின் நெஞ்சுத் துடிப்பைப் பார்த்துப் படமே தன்னைத் திருத்திக்கொள்ளும் வித்தையும் வந்தபின், ஒரே வாரத்தில் ஒரு ஊரில் பாதிப் பேர் சொந்த வீட்டுக்குள் நுழைய மறுத்துத் தெருவில் உட்கார்ந்துவிட்டார்கள். அதன் பிறகு வந்ததுதான் அச்ச வாரியம். படத்தில் என்ன இருக்கிறது என்று வாரியம் பார்ப்பதில்லை. படம் முடிந்த பிறகு உடம்பில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்க்கும். ஒன்பதாம் நாள் மாலை, ஒவ்வொருவர் எண்ணும் படத்துக்கு முன் அளந்த அவரவர் ஓய்வு அளவுக்குப் பத்து எண்ணுக்குள் இறங்கியிருந்தால் படம் த்ரில்லர். எல்லா வீட்டுச் சுவரிலும் ஓடலாம். ஒரே ஒருவருக்கு இறங்காவிட்டாலும் ஹாரர். ஊருக்கு வெளியே பூட்டிய அரங்குகளில், மருத்துவச் சான்று காட்டி நுழைகிறவர்களுக்கு மட்டும்.

மூன்று வருடம் தாடியும் பட்டினியுமாக எடுத்த படம் ஜெரால்டுக்கு. எங்கள் ஏ பிளாக் பையன். அவன் கத்தியதில் நியாயம் இருந்தது.

மிதுனாவின் ஓய்வு அளவு இருபத்தொன்று. மற்ற எட்டுப் பேருக்கும் மூன்றாம் நாளே இறங்கிவிட்டது. தணிகாசலம் சாருக்குப் படம் ஓடும்போதே இறங்கியது, தூங்கிவிட்டார். இவளுக்கு மட்டும், ஒரே ஒரு நாள் தவிர, தினம் மாலை ஏழு மணிக்கு அறுபதுக்கு மேல்.

"சொல்லுங்க மேடம், எந்த சீன்? சொன்னா வெட்டிடறேன்," என்றான் ஜெரால்டு, குரலைத் தணித்து. கெஞ்சல் கலந்துவிட்டது.

மிதுனா வாயைத் திறந்தாள். அப்போது பக்கத்தில் இருந்த அவள் கணவன் நிரஞ்சன், அவள் தோளில் ஒட்டியிருந்த ஒரு நூலை மெதுவாக எடுத்து, தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "தண்ணி குடிச்சிட்டுப் பேசும்மா," என்றான்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். தண்ணீரும் குடிக்கவில்லை.

நிரஞ்சனைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் சங்கச் செயலாளர். நீலாம்பரியில் குரல் உயர்த்தாத ஒரே ஆண்பிள்ளை. லிப்டில் பார்த்தால் நம் பையை வாங்கிக்கொள்வான். "நிரஞ்சனைப் பார்த்தாவது கத்துக்குங்க" என்று என் வீட்டுக்காரரிடம் நான் சொல்லாத வாரம் கிடையாது. மற்ற வீடுகளிலும் இதே பாட்டுத்தான் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாதது இந்த அடுக்ககத்தில் என்ன இருக்கிறது? என் வீடு ஒன்பதாம் மாடியில் லிப்டுக்கு நேர் எதிரே. கதவை ஒரு சாண் திறந்துவைப்பது காற்றுக்காக.

பார்வைக் குழுவுக்கு ஒருங்கிணைப்பாளரும் நான்தான். ஓய்வு அளவை எடுத்துப் பதிவது என் பொறுப்பு. அதற்கு ஒரு விதி உண்டு: அவரவர் வீட்டில், வழக்கமாக உட்காரும் இடத்தில், வீட்டார் எல்லோரும் இருக்கும் மாலை நேரத்தில் எடுக்கவேண்டும். பயம் எதிலிருந்து ஏறுகிறது என்று தெரிய, வீட்டில் அது எவ்வளவு என்று தெரியவேண்டும் அல்லவா.

நாங்கள் அப்படிச் செய்ததே இல்லை. மூன்று பிளாக், பதினான்கு மாடி, லிப்ட் பாதி நாள் ரிப்பேர். யார் ஏறி இறங்குவது? பொது ஹாலில் சனிக்கிழமை தம்போலா எண் ஆட்டம் வைப்போம். வாழைக்காய் பஜ்ஜி போடுவோம். ஆட்டம் சூடுபிடிப்பதற்குள் ஒன்பது மணிக்கட்டிலும் அளந்து, படிவத்தில் "அவரவர் இல்லத்தில்" என்று எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடுவோம். வாரியத்துக்கும் திருப்தி, எங்களுக்கும் பஜ்ஜி.

அந்தச் சனிக்கிழமை நிரஞ்சன் அலுவலக வேலையாகக் கோயம்புத்தூர் போயிருந்தான். மிதுனா தம்போலாவில் முதல் வரிசை அடித்தாள். வாய் நிறைய பஜ்ஜியோடு அவள் சிரித்த சத்தத்துக்கு நான் திரும்பிப் பார்த்தேன். இரண்டு வருடமாகப் பக்கத்து வீட்டுக்காரி. அவள் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். அப்போது அளந்த எண் அந்த இருபத்தொன்று.

கையெழுத்துப் போடும்போது ஒரு கேள்வி கேட்டாள். "வேணிக்கா, எண் இறங்கலேன்னா நிஜமாவே தணிப்பகத்துக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்களா?"

"ஆமாம்டி. இருபத்தோரு நாள்."

"வீட்டுக்காரங்க வந்து கேட்டாக்கூட விடமாட்டாங்களா?"

"விடமாட்டாங்க. போன்கூடக் கிடையாது. பயம் புடிச்ச வீட்டோட எந்தத் தொடர்பும் கூடாதாம். அதெல்லாம் உனக்கு எதுக்கு? போலீஸ் படம்தான், பயப்படாதே." முதுகில் தட்டிக்கொடுத்தேன். எவ்வளவு புத்திசாலி நான்!

ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு பலகை தருவார்கள். ஒன்பது பேரின் அச்சமும் அதில் நாள் முழுக்கக் கோடாக ஓடும். வாரியத்துக்கு வேண்டியது மாலை ஏழு மணி எண் மட்டும். மற்ற நேரத்துக் கோட்டை யாரும் பார்ப்பதில்லை. நான் பார்ப்பேன். அடுத்தவர் வீட்டுக் கோடு அல்லவா.

ஏழாம் நாள் வாக்கில் மிதுனாவின் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலை ஒன்பது பத்துக்கு எண் சரிகிறது. பகல் முழுக்க முப்பதுக்கும் கீழே. மாலை ஆறு பத்துக்குச் செங்குத்தாக ஏறுகிறது. வேலை நாளெல்லாம் அதே நேரம். படத்தின் பயம் கடிகாரம் பார்த்தா வரும்? ஒரே ஒரு நாள், புதன்கிழமை, எட்டு மணிக்குத்தான் ஏறியிருந்தது. புதன் சங்கத்தின் செயற்குழு. போண்டாவுக்குச் சட்னி இல்லை என்று நான் நிரஞ்சனோடு சண்டைபோட்டு, எட்டு மணி வரை அவனை நிறுத்திவைத்த நாள்.

ஒன்பது பத்துக்கு லிப்ட் இறங்கும். ஆறு பத்துக்கு ஏறும். மணி அடிக்கும். நான் கதவிடுக்கில் நின்று, "என்னப்பா, டிராபிக்கா?" என்று கேட்பேன். அவன் சிரிப்பான். எனக்கு நாலடி தள்ளி, சுவருக்கு அந்தப் பக்கம், அவள் எண் அறுபதைத் தாண்டிக்கொண்டிருக்கும்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு செய்தியை ஒரு மணி நேரத்துக்கு மேல் வயிற்றில் வைத்திருந்தது என் ஆயுளில் அதுதான் முதல் தடவை.

அந்த ஞாயிறு மாலை ஆறரைக்கு வாரிய அதிகாரி ஷாகிதா பேகம் வந்தார். வழக்கமாக வரும் அம்மாள்தான், கண்டிப்பானவர். ஜெரால்டு ஓடிப்போய் மறுபடி ஆரம்பித்தான். "மேடம், குற்றவாளி யாருன்னு தெரிஞ்சிடுது. ஏன் செஞ்சான்னும் தெரிஞ்சிடுது. எல்லா முடிச்சும் அவிழ்ந்துடுது. இது எப்படி ஹாரர்?"

"தெரிஞ்சா பயம் திரையிலேயே முடிஞ்சிடும் தம்பி. அது த்ரில்லர். கூடவே வீட்டுக்கு வந்தா ஹாரர். அதை நீங்களும் சொல்லமுடியாது, நானும் சொல்லமுடியாது." அவர் மிதுனாவின் எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டார். "எதும்மா உங்களை விடமாட்டேங்குது?"

மிதுனா தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "கதவுல சாவி திரும்பற சத்தம், மேடம்."

நிரஞ்சன் மென்மையாகச் சிரித்தான். "நம்ம வீட்டுல சாவியே கிடையாதே மிது. கைரேகைதானே?" பிறகு அதிகாரியிடம் திரும்பினான். "மேடம், எனக்கு ஒரு சந்தேகம். இவ ஓய்வு அளவு இருபத்தொண்ணுன்னு போட்டிருக்கு. என் மனைவியை எனக்குத் தெரியும். வீட்டுல அவ அவ்வளவு கம்மியா இருக்க வாய்ப்பே இல்லை. நான் ஊர்ல இல்லாத அன்னிக்கு எடுத்தது. எங்க வெச்சு எடுத்தாங்கன்னு விசாரிங்க."

வீட்டில் அவள் எண் எவ்வளவு இருக்கும் என்று இவனுக்குத் தெரிந்திருந்தது. அதை அவன் வானிலை சொல்வதுபோலச் சொன்னான்.

அதிகாரி என்னைப் பார்த்தார். "வீட்டுல எடுக்கலேன்னா இவங்க எண் செல்லாது. தள்ளிட்டு, மத்த எட்டை வெச்சுப் படத்தை த்ரில்லர்னு விட்டுடுவேன். இவங்களும் வீட்டுக்குப் போயிடலாம். சொல்லுங்க, எங்க வெச்சு எடுத்தீங்க?"

ஜெரால்டு என் முகத்தையே பார்த்தான். அவனுடைய மூன்று வருடம் என் நாக்கில் இருந்தது. உண்மையைச் சொன்னால் அவன் படம் ஊரெல்லாம் ஓடும். மிதுனா பட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். எண் எழுபத்தொன்பது.

"அவங்க வீட்டுலதான் மேடம்," என்றேன். "ஹால்ல, டிவி சுவருக்கு எதிர் சோபா. நான்தானே போனேன்."

சொன்ன பிறகுதான் மற்ற எட்டுப் பேரின் நினைவு வந்தது. எல்லோரும் தம்போலா ஆடியவர்கள், எல்லோருக்கும் தெரியும். அதிலும் தணிகாசலம் சார், ஒரு எண் தப்பாகச் சொன்னாலே நாற்காலியை விட்டு எழுந்துவிடும் மனிதர். எழுந்தார். "மேடம்..." என்றார். அதிகாரி திரும்பினார்.

தணிகாசலம் சார் நிரஞ்சனை ஒரு கணம் பார்த்தார். "ஃபேனைக் கொஞ்சம் கூட்டட்டுமா? புழுக்கமா இருக்கு," என்று சொல்லி ஸ்விட்சை நோக்கி நடந்தார். மற்ற ஏழு பேரும் தங்கள் மடியைப் பார்த்துக்கொண்டார்கள்.

நான் மட்டும் கண்டுபிடித்தேன் என்று பெருமைப்பட்ட ரகசியம். அந்த ஹாலில் அது தெரியாமல் இருந்தவன் ஜெரால்டு ஒருவன்தான். மேல்வீட்டுக்கு, கீழ்வீட்டுக்கு, பக்கத்துச் சுவருக்கு, எல்லோருக்கும் இரண்டு வருடமாக ஏதோ தெரிந்திருக்கிறது. எல்லோரும் லிப்டில் அவனிடம் பையைக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

ஏழு மணி எண்ணைக் குறித்துக்கொண்டு ஷாகிதா பேகம் படிவத்தில் முத்திரை குத்தினார். தணிப்பக வண்டி கீழேயே நின்றது. "ஒரு மாத்துத் துணி எடுத்துட்டு வரட்டுமா?" என்று நிரஞ்சன் கேட்டான். "அங்கேயே தருவாங்க," என்றார் அதிகாரி. மிதுனா செருப்பைக்கூட மாட்டாமல் நடந்தாள். வாசல் தாண்டியபோது என் பலகையைப் பார்த்தேன். ஐம்பது. நாற்பத்திரண்டு. வண்டி கேட்டைக் கடந்தபோது முப்பது. பிறகு தொலைவு தாண்டிக் கோடு அறுந்துவிட்டது.

அவன் அவளை என்ன செய்தான் என்று கேட்பீர்கள். தெரியாது. அடித்த சத்தம் கேட்டதில்லை, தழும்பு பார்த்ததில்லை. எல்லாவற்றையும் தெரிந்துகொள்ளும் எனக்கு இது மட்டும் கடைசிவரை தெரியவில்லை. ஜெரால்டின் படமாக இருந்தால் கடைசி ரீலில் சொல்லியிருப்பான்.

இருபத்திரண்டாம் நாள் மிதுனா திரும்பி வரவில்லை. தணிப்பகத்தின் பின்வாசல் வழியாகப் போனாள் என்கிறார்கள். தூத்துக்குடியில் பார்த்ததாக ஒருத்தி, தஞ்சாவூரில் என்று இன்னொருத்தி. எங்கே இருக்கிறாள் என்று எனக்கே தெரியவில்லை என்றால் யாருக்கும் தெரியாது என்று பொருள். ஜெரால்டின் படம் பூட்டிய அரங்கில் நாலு நாள் ஓடியது; பேயைத் தேடி வந்தவர்கள் அவனைத் திட்டிவிட்டுப் போனார்கள். அவன் படத்தில் உடை தைத்த பெண்ணைக் கட்டிக்கொண்டு மதுரைக்குப் போய்விட்டான். இப்போது சுவர்த்திரை விளம்பரம் எடுக்கிறானாம். கல்யாணப் பத்திரிகை எனக்கு வரவில்லை. வந்திருந்தாலும் எந்த முகத்தோடு போவேன்? தணிகாசலம் சார் மகனோடு மெல்போர்னுக்கு. ஒன்பதாம் மாடியில் எங்களுக்கு மறுபக்கம் இருந்த அவர் வீடு காலி.

நிரஞ்சன் விவாகரத்து வாங்கி, தை மாதம் மறுமணம் செய்துகொண்டான். நாமக்கல் பெண், பெயர் சுவாதிகா, வாயாடி. வந்த மூன்றாம் நாள், கையில் மருதாணி சிவப்பு மங்குவதற்குள், பார்வைக் குழுவில் அவள் பெயரைச் சேர்த்துவிட்டேன். இந்த முறை விதிப்படி, அவள் வீட்டிலேயே, மாலையில். அவள் சிரித்துக்கொண்டே காபி கொடுத்தாள். "என்னக்கா, கல்யாண வீட்டுல பலகாரம் கேக்காம பயத்தைக் கேக்கறீங்க?" என்றாள். பட்டையைக் கட்டினேன். பத்தொன்பது.

ஆறு பத்துக்கு லிப்ட் மணி அடித்தது. அவள் எண் அசையவில்லை. "அவர் வந்துட்டார்" என்று துள்ளி எழுந்தாள். ஒருங்கிணைப்பாளர் என்று என் கையிலும் ஒரு பட்டை உண்டு. அதில் ஐம்பத்தெட்டு.

ஓய்வு அளவு ஒருமுறை பதிந்தால் ஒரு வருடம் செல்லும், நடுவில் அவள் எண் எவ்வளவு ஏறினாலும். அந்தப் பத்தொன்பதைப் பதிந்து, இடம் என்ற கட்டத்தில் "அவரவர் இல்லத்தில்" என்று எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். நிரஞ்சன் உள்ளே வந்து என் பலகைப் பையை மெதுவாக வாங்கிக்கொண்டான்.

"கொடுங்கக்கா, வாசல் வரைக்கும் நான் கொண்டுவரேன்," என்றான்.