பெடலில் வைத்த கால்

கீழேயிருந்து இரண்டு தட்டு கேட்டது. ஸ்பேனரின் முனையால் வண்டியின் அடிச்சட்டத்தில் தட்டுகிற சத்தம். ஓட்டுகிற இருக்கையில் உட்கார்ந்திருந்த டெல்மர் ப்ளெவின்ஸுக்கு அது கொஞ்சம் விநோதமாக இருந்தது. அவர் மகள் கிரிஸ்டா வண்டிக்கு அடியில் படுத்தால் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துவாள். தட்டுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

“வந்துட்டியாம்மா? அதுக்குள்ளயா?”

பதிலுக்கு மறுபடி இரண்டு தட்டு.

தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. நாற்பது வருஷம் ரேஸ் என்ஜின்களுக்குப் பக்கத்தில் நின்று அவர் காது பாதி போய்விட்டது. அவள் வண்டி திரும்பி வந்தது அந்த மழைச் சத்தத்தில் கேட்காமல் போயிருக்கலாம். ஆனால் மெக்கானிக் படுத்துக்கொள்கிற, சக்கரம் வைத்த பலகை சிமெண்டுத் தரையில் உருண்டு அடியில் போனது கேட்டது. மாலை ஆறு மணிக்கே கரண்ட் போய்விட்டதால் ஷெட்டுக்குள் வெளிச்சம் என்றால் வண்டிக்கு அடியில் கிடந்த பேட்டரி விளக்கு ஒன்றுதான். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் ஏதோ ஒரு நிழல் தரையோடு நகர்ந்து பின்சக்கரத்துப் பக்கம் போனது. எண்ணெய் வாசனை, ஈர மண் வாசனை, அவற்றுக்கு அடியில் கெட்டுப்போன புகையிலையின் வாசனை.

“சரி, சரி. வாய வாடகைக்கு விட்டுட்டியா?” என்று சொல்லிவிட்டு டெல்மர் பெடலை மிதித்தார். “பிடிச்சிருக்கேன்!”

பிரேக் குழாயில் சேர்ந்த காற்றை எடுப்பது இரண்டு பேர் வேலை. மேலே உட்கார்ந்திருப்பவர் பெடலை மிதித்து அப்படியே பிடிக்க வேண்டும். கீழே படுத்திருப்பவர் சக்கரத்தின் பின்னால் இருக்கும் சின்னத் திருகைத் திறப்பார். காற்றுக் குமிழும் பிரேக் ஆயிலும் வெளியே வரும், பெடல் தானாகத் தரைக்கு இறங்கும். திருகை மூடிய பிறகு கீழேயிருந்து ‘விடு’ என்று குரல் வந்தால்தான் மேலே இருப்பவர் காலை எடுக்கலாம். அதற்கு முன்னால் எடுத்தால் காற்று மறுபடி உள்ளே போய் எல்லாம் பாழ். குழந்தைக்கு நடக்கச் சொல்லித் தருவதற்கு முன்னால் இதைச் சொல்லித் தருகிற குடும்பங்கள் அந்த மலைப்பக்கம் உண்டு.

போன சனிக்கிழமை பயிற்சி ஓட்டத்தில் கிரிஸ்டாவின் காலுக்கு அடியில் இந்தப் பெடல் தரைவரை இறங்கி, இல்லாமலே போய்விட்டது. சுவரை உரசிக்கொண்டு, கதவில் இருந்த நாற்பத்தொன்று என்ற எண் பாதி அழிந்து, எப்படியோ நின்றாள். இறங்கி வந்து சிரித்தாள். டெல்மர்தான் வேலியோரம் போய் வாந்தி எடுத்தார். அதற்குப் பிறகு பிரேக் கட்டைகளை மாற்றினார்கள், குழாய்களை மாற்றினார்கள், எதுவும் பலிக்கவில்லை. பெடல் பஞ்சாகவே இருந்தது. நாளைக்குப் பழைய வண்டிகளின் பந்தயம். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார்.

“பிரேக் இருந்தாலும் ஓட்டுவேன், இல்லன்னாலும் ஓட்டுவேன்ப்பா. நீ சரி பண்ணித் தந்தா உயிரோட ஓட்டுவேன், அவ்ளோதான்” என்றாள். அவள் அம்மாவின் பிடிவாதம், அப்படியே. இருப்பது ஒரே மகள். அவள் நாளைக்கு மூன்றாவது வளைவில் காலை வைக்கும்போது அங்கே ஒரு பெடல் இருக்க வேண்டும். டெல்மருக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

பெடல் மெல்லத் தரைக்கு இறங்கியது. ஒரு தட்டு கேட்டது. விடு என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு காலை எடுத்தார். இரண்டு தட்டு. மிதித்தார். “பிடிச்சிருக்கேன்!” இறங்கியது. ஒரு தட்டு. பலகை அடுத்த சக்கரத்துக்கு உருண்டது.

நாலாவது சக்கரம் முடிந்தபோது பெடல் பாதியிலேயே நின்றது. அதற்கடுத்த சுற்றில் கால்வாசியில் நின்றது. அதற்கடுத்து கல்லாக நின்றது.

“கிரிஸ்டா! கெட்டியாயிடுச்சுடி! என் தங்கமே!” என்று கத்தினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு வாரமாகச் சரியாகத் தூங்காத மனுஷன்.

காலடித் தகட்டின் வழியே வந்தது மூச்சுச் சத்தம் மட்டும். ஈரமான, இழுத்து விடுகிற மூச்சு.

என்ஜின் மேல்மூடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்ததால் முன்கண்ணாடி வழியே என்ஜின் முழுதும் அவருக்குத் தெரிந்தது. பிரேக் ஆயில் ஊற்றுகிற கிண்ணம் திறந்து கிடந்தது. கடைசி டப்பாவும் காலியாகி, கிண்ணத்தின் அடி தெரிந்த பிறகுதான் கிரிஸ்டா புதிது வாங்கக் கடைக்குப் போனாள். திரும்பி வந்தவள் அதை ஊற்றியிருக்க வேண்டும். ஊற்ற வேண்டுமென்றால் அவர் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றுதான் ஊற்ற முடியும்.

யாரும் வந்து நிற்கவில்லை.

இரண்டு தட்டு.

கால் பழக்கத்தில் மிதித்துவிட்டது. வாயும் பழக்கத்தில் சொல்லிவிட்டது. “பிடிச்சிருக்கேன்.”

அப்போதுதான் ஆப்ஷர் சகோதரர்கள் ஞாபகம் வந்தார்கள். இது ஒரு காலத்தில் ராய் ஆப்ஷரின் வண்டி. அறுபத்தாறாம் வருஷம், பந்தயத்துக்கு முன்னால், சரிவான புல்தரையில் வைத்து அண்ணன் தம்பி இருவரும் இதே வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராய் மேலே. தம்பி க்ளீட் கீழே. சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க இருவருமே மறந்திருந்தார்கள். ராயின் கால்தான் வண்டியைப் பிடித்திருந்தது. மைதானத்தில் கூட்டம் திடீரென்று எழுந்து நிற்க, ராய் எட்டிப் பார்த்தான். கால் தளர்ந்தது. வண்டி ஜாக்கியிலிருந்து உருண்டு க்ளீட் மேல் இறங்கியது. ராய் அதற்கப்புறம் சாகிறவரை எந்த வண்டியையும் ஓட்டவில்லை. இதைப் புகையிலைக் கொட்டகையில் போட்டுப் பூட்டிவிட்டான். அவன் மகன்தான் டெல்மருக்கு விற்றான்.

பச்சை வண்டி ஆகாது, பந்தயத் திடலில் தோலோடு வேர்க்கடலை தின்னக் கூடாது என்றெல்லாம் நம்புகிற டெல்மர், பேய் என்றால் மட்டும் சிரிப்பார். வாங்கும்போதும் சிரித்தார். ராயின் மகன் அன்றைக்கு வேறொன்றும் சொன்னான். எங்கப்பாவுக்குக் காது டமாரம், அதனால எங்க வீட்டுல கத்த மாட்டாங்க. தட்டுவாங்க. ரெண்டு தட்டுனா மிதி, ஒரு தட்டுனா விடு.

அந்த ஒரு தட்டு இப்போது வரவில்லை.

சட்டைப்பையில் போன் அடித்தது. இடது கையால் எடுத்தார்.

“அப்பா, நம்ம பக்கத்துக் கடை பூட்டியிருக்கு. டவுனுக்கு வந்து வாங்கிட்டு இப்பதான் கிளம்பறேன். உனக்குத் தின்ன ஏதாவது வேணுமா?”

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காலடித் தகட்டைப் பார்த்தார்.

“அப்பா? என்னப்பா மூச்சு வாங்குற?”

“கிரிஸ்டா… வண்டிக்குக் கீழ ஆள் இருக்கும்மா.”

“என்னது? யாரு? கீழ மாட்டிக்கிட்டாங்களா? அப்பா, நீ எங்க இருக்க?”

“நான் கால எடுக்க முடியாது… நீ வந்த உடனே…”

மலைக்கு அந்தப் பக்கம் போனால் சிக்னல் அறுந்துவிடும். அறுந்துவிட்டது. திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தார். போனின் வெளிச்சமும் கொஞ்ச நேரத்தில் அணைந்தது.

இறங்கிவிடலாம் என்று பார்த்தால், ரேஸ் வண்டியின் கதவு திறக்காது, பற்றவைத்து மூடியிருப்பார்கள். ஜன்னல் வழியாகத்தான் ஏறவும் இறங்கவும் வேண்டும். இடுப்பெலும்பு போன மனிதர், கிரிஸ்டா தூக்கிவிட்டுத்தான் உள்ளேயே வந்தார். காலை எடுக்காமல் ஜன்னலுக்கு எழவும் முடியாது.

மெதுவாக, மிக மெதுவாக, பெடலைக் கொஞ்சம் தளர்த்திப் பார்த்தார்.

வண்டி நகர்ந்தது.

ஒரு விரல் அளவுதான். பின்னால் வண்டியைத் தூக்கி நிறுத்தியிருந்த ஸ்டாண்டின் இரும்புக்கால் சிமெண்டைப் பிறாண்டியது. கீழே ஒரு முனகல். மனித முனகல். டெல்மர் உடம்பு முழுவதையும் அந்தக் காலில் இறக்கினார். வண்டி நின்றது.

ஷெட்டின் தரை தண்ணீர் வடிவதற்காக வாசலை நோக்கிச் சரிவாகப் போட்டது. பின்பக்கம் ஸ்டாண்டில் நிற்கிறது, முன்சக்கரங்கள் தரையில். அவற்றுக்கு முன்னால் கிரிஸ்டாதான் கட்டை கொடுத்துவிட்டுப் போனாள். அவர் பார்த்தார். காலால் உதைத்து இறுக்கினாளே. டெல்மர் கண்ணைத் தூக்கிப் பின்னோக்குக் கண்ணாடியைப் பார்த்தார். ஷெட்டின் பின்ஜன்னலில் மழைநாள் சாயங்காலத்தின் கடைசி வெளிச்சம் இருந்தது. ஜன்னலுக்குக் கீழே வேலை மேஜை. மேஜை மேல், ஒன்றோடொன்று ஒட்டி, யாரோ ஒழுங்காக எடுத்து வைத்த மாதிரி, அந்த இரண்டு கட்டைகள்.

கீழே படுத்திருப்பது எதுவாக இருந்தாலும் நசுங்கட்டும் என்று விட்டிருக்கலாம். மனசு வரவில்லை. ஒருவேளை உயிருள்ள ஆளாக இருந்துவிட்டால்? வாழ்நாள் முழுக்க, கீழே ஆள் இருக்கும்போது சொல்லாமல் பெடலை விடாத கால் அது. தொடை நடுங்கியது. வியர்வை கண்ணில் இறங்கியது. அவள் வந்ததும் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். முதல்ல கட்டைய வை. அப்புறம் பேசு. முதல்ல கட்டைய வை.

புகையிலை வாசனை இப்போது மிக அருகில். இருக்கைக்கு நேர் கீழே. தகட்டுக்கு அந்தப் பக்கம் யாரோ முகத்தை வைத்துக் கேட்கிற மாதிரி.

முன்கண்ணாடியில் வெளிச்சம் பளிச்சென்று அடித்து அணைந்தது. அவள் வண்டி. கதவு அறைந்த சத்தம். ஷெட் வாசலில் கிரிஸ்டா, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட.

“அப்பா! அப்பா!”

“கட்டைய வை!” என்று கத்தினார். “முதல்ல கட்டைய வை, கிரிஸ்டா! அடியில போகாத!”

தகரத்தில் மழை இரைந்தது. அவள் வாசலிலேயே நின்று இருட்டில் கண்ணைச் சுருக்கினாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் வண்டிக்கு அடியில் எரிந்த விளக்குதான். உள்ளே உட்கார்ந்திருந்தவர் தெரியவில்லை.

அப்போது கீழேயிருந்து குரல் வந்தது.

“கிரிஸ்டா… இங்கம்மா… கீழ மாட்டிக்கிட்டேன்.”

டெல்மரின் குரல். அதே கரகரப்பு. இத்தனை நேரமும் ஒவ்வொரு சுற்றிலும் ‘பிடிச்சிருக்கேன்’ என்று அவர் சொன்னதையெல்லாம் அது கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

“அய்யோ, அப்பா! வந்துட்டேன்ப்பா! அசையாத!”

“நான் மேல இருக்கேன்! மேல! கிரிஸ்டா!” தொண்டை கிழிந்தது. ஜன்னல் வழியே கையை நீட்டி வீசினார். அவள் கையிலிருந்த டப்பாவைப் போட்டாள். அந்த விளக்கை மட்டுமே பார்த்து ஓடி வந்தாள். அவர் ஜன்னலுக்கு அடியில் மண்டியிட்டாள், மல்லாந்து உள்ளே நழுவினாள். அவர் விரல் அவள் ஈரத் தலைமயிரில் பட்டது. பிடிப்பதற்குள் போய்விட்டாள்.

ஜன்னலுக்குக் கீழே அவள் பூட்ஸ் மட்டும் தெரிந்தது.

“அப்பா?” கீழேயிருந்து அவள் குரல். “இங்க யாரும் இல்லையே. எங்கப்பா இருக்க?”

“வெளிய வாடி! வெளிய வா!”

“அப்பா, நீ மேலயா இருக்க? அப்ப யாரு…”

பூட்ஸ் இரண்டும் ஒருமுறை உதைத்தன. எதுவோ பிடித்துக்கொண்டது போல அப்படியே நின்றன.

பின்சக்கரத்துப் பக்கம் ஸ்பேனர் திருகில் கவ்விய சத்தம். சிறிய சத்தம். அதை அவருக்கு நன்றாகத் தெரியும்.

“வேண்டாம். வேண்டாம். க்ளீட், என் பொண்ணுடா. வேண்டாம்.”

காலுக்கு அடியில் கல்லாக இருந்த பெடல் இளகியது.

இரண்டு காலையும் வைத்து மிதித்தார். மிதிக்க மிதிக்க இறங்கியது. கால்வாசி. பாதி. எங்கோ ஆயில் பீய்ச்சியடிக்கிற சத்தம். கிரிஸ்டா அவரைக் கூப்பிட்டாள். முக்கால். தரை.

ஒரு தட்டு கேட்டது.

பின்னால் ஸ்டாண்டின் கால் சிமெண்டைப் பிறாண்டிச் சாய்ந்தது. கண்ணாடிக்கு முன்னால், ஷெட்டின் வாசல் மெல்ல நெருங்கி வந்தது.