ஊர் பேர் தெரியாத அழைப்பாளர்

காலை எட்டு மணிக்கு வானொலியில் மூன்று கவுண்டிகளை, அதாவது மூன்று மாவட்டங்களை, உலுக்கி எழுப்புகிற குரல், ஐரீன் நோவாச்செக்கின் சமையலறையில் தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. வெர்ன் ஹாஸ்கல் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, எதிரே இருந்த, பிளம் பழம் வைத்துச் சுட்ட கொலாச்சி ரொட்டியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். அவர் நிகழ்ச்சிக்கு வரும் அழைப்புகளை எடுக்கிறவனும், அவரைக் காரில் அழைத்து வந்தவனுமான ட்வைட் பெல்ட்ஸ் தன் பங்கைத் தின்று முடித்துவிட்டு, அவர் பங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஊர்ல இருக்கிற ஒரே டெமாக்ரட் கட்சிக்காரின்னு என்னை தினமும் ரேடியோல கிண்டல் பண்ணுவியே, இப்ப என் வீட்டுக்கு எதுக்கு வந்த?" என்றார் ஐரீன்.

"தீ வச்சுட்டுப் பொய் சொன்னவன் ஒருத்தனும் உன்கிட்ட தப்பிச்சதில்லன்னு சொல்றாங்க."

"அது துப்பறிய இன்சூரன்ஸ் கம்பெனி சம்பளம் கொடுத்த காலத்துல. உனக்கு நான் எதுக்கு உழைக்கணும்?"

"எனக்கு வேணாம். மார்லா ப்ரோகாப்புக்காகச் செய்."

ஐரீன் காப்பிக் குவளையைக் கீழே வைத்தார். மார்லா அந்தக் கவுண்டியின் தேர்தல் அதிகாரி. நடந்ததை வெர்ன் சொல்ல முடியாமல் திணறியதால் ட்வைட்தான் சொன்னான். திங்கட்கிழமை காலை வெர்ன் வழக்கம்போல் வாஷிங்டன் அரசாங்கத்தைப் பிடித்துக் காய்ச்சிக்கொண்டிருந்தார். மாட்டைப் படத்தில் மட்டும் பார்த்தவர்கள் மாட்டுப்பண்ணைக்குச் சட்டம் போடுகிறார்கள், அதை நியூயார்க் தொலைக்காட்சிக்காரர்கள் கைதட்டி வரவேற்கிறார்கள் என்று அவர் விளாசிய நேரத்தில், எல்மர் என்று ஒரு கிழவர் போனில் அழைத்தார். கோர்ட் கட்டடத்தின் பின்னால் மார்லா தபால் ஓட்டு மூட்டைகளைக் குப்பைத் தொட்டியில் போட்டதைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். வெளிநாட்டில் இருக்கும் சிப்பாய்களின் ஓட்டுகளும் அதில் இருந்ததாம். வெர்னின் மகன் ராணுவத்தில் இருப்பவன். அவர் கொதித்துப்போய், மார்லா சாயங்காலத்துக்குள் கைவிலங்கோடு நிற்க வேண்டும் என்று பேர் சொல்லிக் கர்ஜித்துவிட்டார்.

"மூட்டையும் இல்ல, எல்மரும் இல்ல," என்றான் ட்வைட். "அவன் சொன்ன ஊர்ல அப்படி ஒரு ஆளே கிடையாது. மார்லா வீட்டு ஜன்னலை யாரோ கல்லால அடிச்சுட்டாங்க. ஓமஹா நகரப் பத்திரிகைல, வெர்னே ஆள் செட் பண்ணிப் பேச வச்சாருன்னு எழுதிட்டாங்க. நிலைய மேனேஜர் டில்மன் வெள்ளிக்கிழமையோட நிகழ்ச்சியை நிறுத்தப் போறாராம். நானும் ஒரு முட்டாள், அந்தக் கிழவனை உள்ள விட்டது நான்தான். அவ்வளவு சுத்தமான லைன் மேடம்! வழக்கமா எல்லாரும் ரேடியோவை அலற விட்டுட்டுப் பேசுவாங்க. 'ரேடியோவைக் குறைங்க'ன்னு கத்தியே எங்க தொண்டை போயிடும். இவன்கிட்ட அதுகூடச் சொல்ல வேண்டி வரல."

"எதுக்குக் குறைக்கச் சொல்றீங்க?"

"நாங்க பேசுறது உடனே ஊருக்குப் போகாது. சில வினாடி தேக்கி வச்சுத்தான் விடுவோம். யாராவது வாய் தவறினா நான் சிவப்புப் பொத்தானை அமுக்குவேன், அந்தத் துண்டு மட்டும் போயிடும். அதனால அழைக்கிறவங்க வீட்டு ரேடியோல எங்க பேச்சு லேட்டா கேட்கும். அது போன் வழியா திரும்பி வந்தா, பேசுறவருக்கு நாக்கு குழறிடும்."

"திங்கட்கிழமை அந்தப் பொத்தானை அமுக்கினியா?"

ட்வைட் வெர்னைப் பார்த்தான். வெர்னின் காதுமடல் சிவந்தது.

"சிப்பாய்ப் பசங்க ஓட்டுன்னதும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிட்டேன்," என்றார் அவர். "இத்தனை வருஷத்துல முதல் தடவை. நல்லவேளை, இவன் வெட்டிட்டான். எங்க ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. சர்ச்சுல தெரிஞ்சா என் மானம் போயிடும்."

ஐரீன் சிரித்துவிட்டு மேல்கோட்டை எடுத்தார்.

வானொலி நிலையம் ஊர் எல்லையில் சோளவயலுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை அளவே இருக்கும். ஆனால் ட்வைட்டுக்கு அதன் ஒலிபரப்புக் கம்பத்தைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு நிமிரும். புயல் வந்தால் ஊர் நம்புவது அந்தக் கம்பத்தைத்தான். அன்று பின்புறம் இருந்த பழைய ஒலிப்பதிவு அறையை ஐரீனுக்குக் காட்டும்போதும் அவன் பெருமை பேசிக்கொண்டே வந்தான். அந்த அறைச் சுவரில் ஒரு ஒலிபெருக்கியில், ஸ்டுடியோவுக்குள் போயிருந்த வெர்ன் பேசுவது மெலிதாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

"இதை நிறுத்த முடியாதா?"

"திருகு உடைஞ்சு எத்தனையோ காலமாச்சு. ஸ்டுடியோவோட நேரா இணைச்ச வயர். கட்டடத்துல வேற எங்கயும் இப்படிக் கிடையாது. பழகிப் போச்சு, எங்க காதுல விழறதே இல்ல." அறையில் இருந்த தொலைபேசியையும் ஐரீன் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார்.

பிறகு அவர் வானிலையும் விளம்பரமும் வாசிக்கிற ரஸ்டி கோலாரைப் பிடித்தார். திங்கட்கிழமை அந்த நேரத்தில் அவன் தீவனக் கடை வாசலில் தன் வண்டிக்குள் இருந்தானாம்.

"நிகழ்ச்சியைக் கேட்டியா?"

"கேட்காம இருப்பேனா? கிழவன் சிப்பாய்களைப் பத்திச் சொன்னதும் பேச்சு ஒரு குதி குதிச்சுது. அடுத்து வெர்ன் கைவிலங்குன்னு கத்திட்டு இருந்தாரு."

அடுத்து மேனேஜர் கிரெய்க் டில்மன். சின்ன வயதில் விளம்பரங்களுக்கு விதவிதமாகக் குரல் கொடுத்துப் பிழைத்தவர். இப்போது கழுத்துப்பட்டை கட்டிய கனவான்.

"நான் லிங்கன் நகரத்துக்குப் போற வழியில கார்ல கேட்டேன் மேடம்," என்றார். "என்ன சொல்ல? ஒரு கவுண்டி அதிகாரியைத் திருடின்னு சொல்றாரு. நடுவுல வாய் கூசுற வார்த்தை வேற. தேவாலயத்துக்குப் போற குடும்பங்க கேட்கிற ரேடியோம்மா இது! இதுக்கு மேல அவரை வச்சிருந்தா விளம்பரக்காரங்க என்னைச் சும்மா விடுவாங்களா? சாட்டிலைட்ல பெரிய ஊர் நிகழ்ச்சி வருது, அதைப் போட்டுட்டுப் போறோம்."

ஐரீன் அவருக்கு நன்றி சொன்னார். ட்வைட் வெளியே வந்ததும் ரஸ்டிதான் குற்றவாளி என்று அடித்துச் சொன்னான். ரஸ்டிக்குக் குரல் மாற்றத் தெரியுமாம், வெர்ன் மீது பழைய கடுப்பும் உண்டாம்.

"திங்கட்கிழமை வெட்டறதுக்கு முன்னாடி ஸ்டுடியோவுல பதிஞ்சது உன்கிட்ட இருக்கும்ல, அதை நாளைக்குக் காலையில எடுத்துட்டு வா," என்றார் ஐரீன். "அதை வேற யாராவது கேட்டிருக்காங்களா?"

"யாருக்கும் தரல. அதுல வெர்னோட கெட்ட வார்த்தை அப்படியே இருக்கே!"

மறுநாள் நிகழ்ச்சிக்கு முன் ஸ்டுடியோவில் நால்வரையும் உட்காரவைத்து ஐரீன் அந்தப் பதிவைப் போட்டார். கிழவரின் கரகரத்த குரலுக்குப் பின்னால், உற்றுக் கேட்டால், வெர்னின் குரல் இன்னொரு முறை மெலிதாகக் கேட்டது.

"ரேடியோ ஓடுதே!" என்றான் ட்வைட். "நான் கவனிக்கலையே!"

"ஏன் கவனிக்கல? லேட்டா வரலை. வெர்ன் பேசும்போதே கூடவே பேசுது, அதான் யாருக்கும் நாக்கு குழறல. ஊர்ல இருக்கிற எந்த ரேடியோவும் அப்படிப் பேசாது. அப்படிப் பேசுறது, ஸ்டுடியோவோட நேரா இணைச்ச அந்தப் பின்னறை ஒலிபெருக்கி ஒண்ணுதான். எல்மர் எந்த ஊர்லேர்ந்தும் பேசல, இந்தத் தாழ்வாரக் கோடியிலேர்ந்து பேசியிருக்கான்."

ரஸ்டி எழுந்தே விட்டான். "நான் தீவனக் கடையில..."

"உட்காருப்பா. நீ பேச்சு குதிச்சுதுன்னு சொன்ன. சிவப்புப் பொத்தான் அமுக்கினா வெளியில அப்படித்தான் கேட்கும். நீ வெளியிலதான் இருந்த." ஐரீன் நிதானமாகத் திரும்பினார். "மிஸ்டர் டில்மன், நீங்க வாய் கூசுற வார்த்தை கேட்டதா சொன்னீங்க. அது ரேடியோல போகவே இல்லையே. அதைக் கேட்ட காது மூணு பேரோடதுதான். வெர்ன், ட்வைட், அப்புறம் போன்ல இருந்தவன்."

"ட்வைட் சொல்லியிருப்பான்," என்றார் டில்மன்.

"என் அம்மாகிட்டகூடச் சொல்லல," என்றான் ட்வைட். அந்த மனிதரோடு எத்தனை கிறிஸ்துமஸ் விருந்து சாப்பிட்டிருக்கிறான்!

டில்மன் கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார். பிறகு, சாட்டிலைட் நிகழ்ச்சிக்காரர்கள் ஓமஹாவில் பெரிய பதவி தருவதாகச் சொன்னார்கள், உள்ளூர் நிகழ்ச்சியை நிறுத்த ஒரு காரணம் வேண்டியிருந்தது, ஜன்னல் உடையும் என்று நினைக்கவில்லை என்று முணுமுணுத்தார்.

"அதை ஷெரிஃப்கிட்ட சொல்லு," என்றார் வெர்ன். "எனக்கு நேரமாச்சு."

"ஜெயிச்சுட்டீங்க!" என்றான் ட்வைட், டில்மன் போன பிறகு. "முதல் வேலையா அந்த ஓமஹா பத்திரிகையைக் கிழிச்சுத் தொங்கவிடுங்க."

வெர்ன் ஒலிவாங்கி முன் உட்கார்ந்தார். ஒலிபரப்பு விளக்கு எரிந்தது.

"வணக்கம் நண்பர்களே. திங்கட்கிழமை நான் மார்லா ப்ரோகாப்பைப் பத்திச் சொன்னது பொய். அவங்க ஒரு தப்பும் செய்யல. என்னை ஒருத்தர் ஏமாத்தினாரு, அது அப்புறம். சொன்ன வாய் என்னோடது. பெரிய பத்திரிகைங்க முதல் பக்கத்துல அவதூறு எழுதிட்டு, மன்னிப்பைக் கடைசிப் பக்கத்துல எறும்பு எழுத்துல போடும். நாம அப்படி இல்ல. எவ்வளவு சத்தமா சொன்னேனோ, அவ்வளவு சத்தமா சொல்றேன். மார்லா, என்னை மன்னிச்சிடுங்க."

ஸ்டுடியோ கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ட்வைட்டுக்கு மார்பு விம்மியது. பக்கத்தில் நின்ற ஐரீன், "வரி விஷயத்துல இவன் சொல்றதெல்லாம் இன்னமும் தப்புதான்," என்று சொல்லிக்கொண்டே மூக்கை உறிஞ்சினார். தொலைபேசி விளக்குகள் எல்லாமே மினுக்கின. முதல் லைனை எடுத்த ட்வைட் கேள்வி எதுவும் கேட்காமல் உள்ளே விட்டான்.

"வெர்ன், நான் மார்லா. உங்க நிகழ்ச்சியைக் கேட்டுட்டேதான் தினமும் ஆபீஸ் போவேன். இந்த மூணு நாளா கேட்கல, இன்னைக்கு ஏனோ போட்டேன். நவம்பர்ல ஓட்டு எண்ணும்போது மைக்கை எடுத்துட்டு வந்து என் பக்கத்துல உட்காருங்க. ஒவ்வொரு சீட்டையும் பார்த்து ஊருக்குச் சொல்லுங்க. ஒளிக்கிறதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல."

வெர்ன் வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. தொப்பியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். வானொலியில் வெறும் மௌனம் போய்க்கொண்டிருந்தது. அது அந்தத் தொழிலில் மன்னிக்கவே முடியாத குற்றம். தீவனக் கடை விளம்பரத்தைப் போடச் சொல்லி ரஸ்டி கண்ணாடியைத் தட்டினான். ட்வைட் இரண்டு கைகளையும் மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். மூன்று கவுண்டிகளும் கேட்கட்டும் என்று அந்த மௌனத்தை அப்படியே போகவிட்டான்.