உச்சி வேளைத் தூக்கம்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பாஞ்சாலியம்மாள் வீட்டுக்குக் குடிபோகும்வரை அப்படித்தான் இருந்தேன்.

1991 ஆவணி மாதம். ஒரகடத்தில் மின்விசிறிக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றும் சின்னக் கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது. வாலாஜாபாத்திலிருந்து தினமும் போய்வர ஒத்துவராது என்று, கம்பெனிக்குப் பின்னால் இருந்த ஊரில் வாடகைக்கு ஓர் அறை பேசிவிட்டேன். தகரப் பெட்டியோடு நான் போய் நின்றபோது வெயில் மண்டையைப் பிளந்தது. பழைய ஓட்டு வீடு. தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை.

பாஞ்சாலியம்மாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். முதலில் தானே இரண்டு மிடறு அண்ணாந்து குடித்துவிட்டு, அப்புறம்தான் என்னிடம் நீட்டினாள்.

"இன்னா பாக்குற லீலா? குடி. நல்ல தண்ணிதான்."

ஒரு மாதிரியான பொம்பளை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு குடித்தேன்.

நடு அறையில் மாலை போட்ட படம் ஒன்று இருந்தது. தாவணி போட்ட பெண். சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகம்.

"என் பொண்ணு மதிவதனி. உன் கம்பெனிலதான் இருந்தா. போன கார்த்திகைல போய்ட்டா."

"எப்படிம்மா?"

"காய்ச்சல்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

எனக்கு இரண்டாம் ஷிப்ட். மதியம் இரண்டு மணிக்குள் போனால் போதும் என்பதால் உச்சி வேளையில் ஒரு தூக்கம் போடுவேன். முதல் வாரம் நன்றாகத்தான் தூங்கினேன்.

பிறகு ஒரு நாள், தூக்கத்தில் ஆரஞ்சு கலர் வாசனை வந்தது. பெட்டிக்கடையில் விற்கிற, குடித்தால் நாக்கில் சாயம் ஒட்டுகிற கலர் சோடா. யாரோ பாட்டிலைத் திறந்து மூக்கருகே வைத்த மாதிரி இருந்தது. கூடவே கிணற்றுப் பாசியின் வாடை. கண்ணைத் திறக்கப் பார்த்தேன், முடியவில்லை. கையும் எழவில்லை. எங்கள் பக்கம் இதை அமுக்குவான் பேய் என்பார்கள். வேலை அசதிதான், வேறொன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பக்கத்தில் பாய் சரசரத்தது.

யாரோ படுத்திருந்தார்கள்.

"எனக்கு இன்னா ஆச்சு?"

நாக்கு தடித்துப்போன, அரைத் தூக்கத்துக் குரல். காதுக்கு அவ்வளவு அருகில் கேட்டது. பதில் சொல்ல எனக்கு வாய் எங்கே எழுந்தது? பதில் அடுத்த அறையிலிருந்து வந்தது. பாஞ்சாலியம்மாளின் குரல், குழந்தையைத் தட்டிக்கொடுக்கிற தொனியில்.

"ஒண்ணுமில்ல கண்ணு. தூங்கிட்ட, அவ்ளோதான். தூங்கு."

கை விடுபட்டது. துள்ளி எழுந்தேன். பக்கத்தில் ஆள் இல்லை. பாயில் மட்டும் ஓர் உடம்பின் நீளத்துக்கு ஈரம்.

அன்றே பெட்டியைத் தூக்கியிருப்பேன். ஆனால் வேலை நிரந்தரமாகவில்லை, அந்த ஊரில் தனியாக வரும் பெண்ணுக்கு வேறு யாரும் அறை தரவும் இல்லை. பாஞ்சாலியம்மாளிடம் கேட்டதற்கு "கனா கண்டிருப்ப" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். அதற்கப்புறம் உச்சி வேளையில் நான் படுப்பதே இல்லை. வாசலில் உட்கார்ந்திருப்பேன். அப்போதும் உள்ளே அந்தக் கேள்வி கேட்கும். அந்தப் பதிலும் கேட்கும்.

தினம் கேட்கக் கேட்க என் பயம் குறைந்து துக்கம் வந்தது. பயமுறுத்துவதற்காகக் கேட்ட குரல் இல்லை அது. நிஜமாகவே தெரியாமல் கேட்டது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள். பாஞ்சாலியம்மாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குக் கம்பெனியில பூஜைம்மா" என்றேன். "பொரி, கலர் எல்லாம் குடுப்பாங்களாம். முடிஞ்சதும் என்னை மட்டும் இருக்கச் சொல்லியிருக்காரு சூப்பர்வைசர். ஸ்டோர் ரூம்ல ஏதோ வேலையாம்."

அவள் கை நின்றது.

"யாரு, தசரதனா?"

"ஆமா."

"போவாத."

"போகலன்னா வேலைய விட்டுத் தூக்கிடுவாரும்மா. ஏன் போகக் கூடாது?"

அவள் வெங்காயத்தைத் தள்ளி வைத்தாள். ஓட்டின் மேல் உச்சி வெயில். வெங்காய நெடியை மீறிக்கொண்டு ஆரஞ்சு கலர் வாசனை அறையில் பரவியது.

"அம்மா, எனக்கு இன்னா ஆச்சு?"

இந்த முறை எங்கள் இருவருக்கும் நடுவில்.

"ஒண்ணுமில்ல கண்ணு. தூங்கி..." என்று ஆரம்பித்த பாஞ்சாலியம்மாள் என்னைப் பார்த்தாள். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் முந்தானையை எடுத்தாள்.

"நீயா தூங்கலடி. உன்னத் தூங்க வெச்சான். போன பூஜைல அந்தத் தசரதன் கலர்ல மருந்தக் கலந்து குடுத்தான். சாமிக்குப் படைச்சது, வேணாங்கக் கூடாதுன்னு நீயும் குடிச்ச. வெயில் மயக்கம்னு சொல்லி அவனே கொண்டாந்து வுட்டான். மறுநா உச்சில முழிச்சு, எனக்கு இன்னா ஆச்சும்மான்னு கேட்ட. உன் துணிய மாத்துனவ நானு. எனக்குத் தெரியாதா? உன்னக் கெடுத்துட்டான் கண்ணு. வெளிய தெரிஞ்சா உன்ன யாரு கட்டிப்பான்னு, தூங்கிட்டன்னே சொன்னேன். ரெண்டு மாசம் அதையே கேட்டுக் கேட்டு நீ கெணத்துல குதிச்ச. உன்னத் தூக்குன அன்னிக்கும் காய்ச்சல்னுதான் சொன்னேன்."

ஆரஞ்சு வாசனை நின்றுவிட்டது.

பிறகு ஓர் அழுகை கேட்டது. தனக்கு நடந்ததைச் செத்த பிறகு கேள்விப்பட்டவளின் அழுகை. அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

"எம்மேல தப்பு இல்லியா?"

"இல்லடி. எள்ளளவும் இல்ல."

மறுநாள் காலை பாஞ்சாலியம்மாளும் நானும் கம்பெனி கேட்டில் போய் நின்றோம். பூஜைக்குப் பூ வைத்துக்கொண்டு வந்த பெண்களிடம் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். குரலைத் தாழ்த்தாமல், மகள் பேரைச் சொல்லியே சொன்னாள். எங்கள் லைனிலேயே மூத்தவளான ராஜம்மா சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தாள்.

"எனக்கும் ஒரு தபா அப்படித் தூக்கம் வந்துச்சு" என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டே. "இன்னிவரிக்கும் யாராண்டயும் சொல்லல."

நெற்றியில் சந்தனத்தோடு தசரதன் கேட்டுக்கு வந்தான். "நேரமாவுது, உள்ள வாங்கம்மா" என்றான். பாஞ்சாலியம்மாளைப் பார்த்ததும், மகள் போனதிலிருந்து அதுக்கு மூளை கொழம்பிப்போச்சு என்று வாட்ச்மேனிடம் சொல்லிச் சிரித்தான். அவன் மட்டும்தான் சிரித்தான். அன்றைக்கு ஒரு பெண்ணும் உள்ளே போகவில்லை. போலீஸில் எழுதிக்கொடுத்தோம். செத்தவளுக்கு இப்போது என்ன சாட்சி என்று கேட்டார்கள். ராஜம்மா, "நான் கீறேன்" என்றாள். அந்த வழக்கு என்ன ஆயிற்று என்பது பெரிய கதை, நல்ல கதையும் இல்லை.

ஸ்டேஷனிலிருந்து வீடு திரும்பியபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. பாஞ்சாலியம்மாள் என் அறை வாசற்படியில் உட்கார்ந்தாள். நான் பின்னால் நின்றேன். அந்த நேரம் வந்தது. கேள்வி வரவில்லை. ஒரு சத்தமும் இல்லை.

நிம்மதியாகப் போய்விட்டாள் என்றுதான் நான் நினைத்தேன். என் கண் நிறைந்துவிட்டது. பாஞ்சாலியம்மாளும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். இருட்டான அறைக்குள் எட்டிப் பார்த்து மெல்லக் கேட்டாள்.

"கண்ணு, தூங்கிட்டியா?"

உள்ளேயிருந்து பதில் வந்தது. தடித்த குரல் இல்லை. தெளிவான, சின்னப் பெண்ணின் குரல்.

"இல்லம்மா. முழிச்சிகினுதான் கீறேன்."