கொடி என்ன கம்பளியா?

அன்று பெய்த மழையை மழை என்று சொன்னால் மழைக்குக் கோபம் வரும். நூலக வாசலில் விரித்து வைத்திருந்த குடைகள் எல்லாம் மிதந்துபோய், அடுத்த தெருவில் யார் யாருக்கோ பயன்பட்டன. அந்த மழையில்தான் லிஃப்ட் மெக்கானிக் உள்ளே ஓடிவந்து அலமாரியில் கை வைத்தான். அதே நொடியில் அந்தப் பக்கமிருந்து இன்னொரு கை...

இருவர் கையிலும் ஒரே புத்தகம். மாலைக் கல்லூரி இறுதித் தேர்வுக்கு வைத்திருந்த போர் நாவல். இருந்ததே ஒரு பிரதி.

"விடுங்க சார். அடுத்த வாரம் பரீட்சை."

"எனக்கும் அதே பரீட்சைதாங்க. உங்க கிளாஸ்தான் நானும். கடைசி பெஞ்ச்."

"ஓ... தூங்குவீங்களே, அவரா?"

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். நாளெல்லாம் ஊரார் கண்ணை அளப்பவள். அவளுடைய கண்ணை அளக்கத்தான் இன்னும் கருவி வரவில்லை. அவள் ஒரு தடவை இமைத்ததில் மேசைமேல் இருந்த செய்தித்தாள் பக்கம் புரண்டது. மின்விசிறிக் காற்று என்பார்கள் சிலர். மின்சாரமே இல்லை!

"இதைப் படிச்சிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"மூணு தடவை." அட்டையைத் தாண்டியதில்லை.

"அப்போ ஒண்ணு சொல்லுங்க. அந்தச் சிப்பாய்... கடைசில பொழைக்கிறானா? பாதி படிச்சிட்டேன். செத்துடுவான்னா மேல படிக்க எனக்குத் தைரியம் இல்ல."

அந்தக் கண்கள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. அவன் அவசரமாகக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினான். 'அவன் கண்களை மூடினான். கொடியைப் போர்த்தினார்கள். யாரும் அவனை எழுப்பவில்லை.' ஒரு கண்ணால் மூன்று வரி, மறு கண்ணால் அவள்...

"பொழைச்சுட்டான்ங்க! சண்டை முடிஞ்ச அசதி, தூங்கறான். குளிரும்ல? கொடியப் போர்த்தி விட்டிருக்காங்க. பாவம் தூங்கட்டும்னு யாரும் எழுப்பல."

அவள் சிரித்தாள். வெளியே மழை சற்று நின்று பார்த்துவிட்டுத் தொடர்ந்தது.

"அப்ப எனக்கு இது போதும். நீங்களே எடுத்துட்டுப் போங்க, நாலாந்தடவை படிக்க."

இரண்டு நாள் கழித்து வகுப்பு. மாதிரிக் கட்டுரை எழுதியவர்கள் வாசிக்கலாம் என்றார் பேராசிரியை. அவள் எழுந்தாள். குரலில் அப்படியொரு பூரிப்பு.

"...களைத்து உறங்கும் வீரனுக்குக் குளிராமல் நாடே தன் கொடியைப் போர்த்துகிறது. அவன் விழித்தெழும் காலைக்காக எல்லாரும் காத்திருக்கிறார்கள்..."

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார்.

"கொடி என்னம்மா, கம்பளியா?"

வகுப்பு வெடித்தது. கரும்பலகையில் எழுதியிருந்த தேதிகூடச் சிரித்ததாகக் கேள்வி. அந்தச் சிரிப்பில்தான் லிஃப்ட்காரனுக்குப் பொருள் விளங்கியது. அவனுக்குள் ஒரு லிஃப்ட் கம்பி அறுந்து கீழே போயிற்று.

"யாரும்மா உனக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்தது?"

அவள் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வை... எழுந்து நின்று 'நான்தான்' என்றால் முடிந்தது. அவனோ குனிந்து ஷூ கயிறு கட்டத் தொடங்கினான். காலில் இருந்தது ரப்பர் செருப்பு.

"நானாத்தான் மேடம் அப்படிப் புரிஞ்சுக்கிட்டேன்" என்று சொல்லி உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு அவனுக்குக் கண்ணாடி பார்க்கக் கூசியது. கூச்சத்தில் மீசையைக் கோணலாக வெட்டிக்கொண்டான். வீட்டில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து நாவலைப் படித்தான். முடித்தபோது அக்கா வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏன்டா அழறே? லிஃப்ட்ல எவனாவது மாட்டிக்கிட்டானா?"

"நான்தான்க்கா."

"அப்ப வெளிய வா. மாட்டினவங்கள எடுக்கறதுதானே உன் பொழப்பே!"

தேர்வு நாள். அன்றும் மழை. மண்டப வாசலில் வகுப்பு முழுக்க நின்றது. பேராசிரியை வினாத்தாள் கட்டோடு வந்தார். அவன் நடுவில் போய் நின்றான்.

"மேடம், அவங்களுக்குத் தப்பாச் சொன்னது நான். புத்தகத்தைப் படிக்காமலே படிச்சேன்னு பீத்திக்கிட்டேன். அன்னிக்கு எல்லாரும் சிரிக்கிறப்ப குனிஞ்சுக்கிட்டேன். சிரிக்க வேண்டியது என்னைப் பாத்துதான்."

யாரும் சிரிக்கவில்லை. அவள் நேரே உள்ளே போய்விட்டாள்.

வினா: 'யாரும் அவனை எழுப்பவில்லை: இவ்வரியை விளக்கிக் கட்டுரை வரைக.' அவன் பேனா நகர வெகுநேரம் ஆயிற்று.

எழுதி முடித்து வந்தால், தாழ்வாரத்தில் அவள். குடை இல்லை.

"தப்பாச் சொன்னதுக்கு எனக்குக் கோபம் இல்ல" என்றாள், மழையைப் பார்த்தபடி. "நான் நின்னப்ப நீங்க குனிஞ்சீங்க பாருங்க... அதுதான். செருப்புக்கு ஏதுங்க கயிறு?"

"தெரியலங்க. தேடிக்கிட்டே இருந்தேன்."

உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். முடியவில்லை.

"நீங்க நூலகத்துல திருப்பிக் குடுத்ததும் மீதிய நானே எடுத்துப் படிச்சேன். அழுதேன். ஆனா... உங்க பொய்யால அவன் ரெண்டு நாள் கூடுதலா உயிரோட இருந்தான். அந்த ரெண்டு நாளும் நான் சந்தோஷமா இருந்தேன். அதைத் திருப்பித் தர மாட்டேன்."

அவன் தன் குடையை விரித்தான்.

"இன்னும் ஒரு உண்மை பாக்கி இருக்குங்க. அன்னிக்கு அந்தப் பக்கத்தை நான் ஒழுங்காப் பாக்கல. உங்களைத்தான் பாத்தேன். எனக்கு உங்களை... ரொம்பப் பிடிச்சிருக்கு."

அவள் திரும்பினாள். அந்தக் கண்கள்! தாழ்வாரத்துத் தூண் கொஞ்சம் நகர்ந்து வழிவிட்டது.

"இதையாவது முழுசாப் படிச்சிட்டுச் சொல்றீங்களா?"

"இல்லைங்க. முதல் பக்கம்தான் ஆகியிருக்கு."

"அப்ப மெதுவாப் படிங்க" என்று அவன் குடைக்குள் வந்தாள். "நேராக் கடைசிப் பக்கத்துக்குத் தாவினீங்கன்னா... தெரியும் சேதி!"